கோளாறு செருப்பில் இல்லை

அன்பு மகள் வாண்டுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம், நீயும் அங்கே அப்படியே இருக்க வேண்டும். நலம் என்று நான் எழுதியதை அம்மா தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டு, முதல் வரியிலேயே புளுகா என்கிறாள். அவள் சொல்வதும் சரிதான். இப்போது நலம். மூன்று மாதத்துக்கு முன்பு நலமில்லை, அதை உன்னிடம் மறைத்துவிட்டோம். மறைக்கச் சொன்னவன் நான்தான், அவளைத் திட்டாதே. போனில் சொல்லக்கூடாதா என்பாய். போனில் நீ ஒன்றுமில்லப்பா என்று பேச்சை மாற்றிவிடுவாய், கடிதத்தில் அந்த வேலை நடக்காது.

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசும்போது நீ ஒரு தும்மல் போட்டாய். போட்ட வேகத்தில் மேஜையைப் பிடித்துக்கொண்டாய், முகம் சுருங்கிப் போயிற்று. அம்மா கவனிக்கவில்லை, நான் பார்த்துவிட்டேன். அதற்கு முன்பும் நாற்காலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் உட்கார்ந்திருந்தாய். என்னவென்று கேட்டால், ஒரு மாசமா காலு இழுக்குதுப்பா, கிடங்குல நாள் பூரா நின்னு பெட்டி தூக்குறேன்ல, ஷூ சரியில்ல போல, நீங்களே மெத்துனு ஒரு ஜோடி தைச்சு அனுப்புங்களேன் என்றாய். மகள் வாய்விட்டுக் கேட்டாளே என்று எனக்கு உச்சி குளிர்ந்ததென்னவோ உண்மை, ஆனால் அந்தத் தும்மல் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. காரணம் சொல்கிறேன்.

எனக்கும் இதே கதைதான். முதலில் இடுப்பில் லேசாகப் பிடித்தது, குனிந்தே வேலை செய்கிறவனுக்கு இது புதிதா என்று விட்டுவிட்டேன். பிறகு இடுப்பு தேவலையாகி இடது கெண்டைக்காலில் வலி வந்து உட்கார்ந்தது. முப்பது வருஷமாக வருகிறவர் போகிறவர் கால்வலிக்கெல்லாம் செருப்பைக் குறை சொல்லியே பிழைக்கிறவன், என் காலுக்கு மட்டும் வேறு காரணம் தேடுவேனா? குதிகாலுக்கு மெத்தை வைத்தேன், சரிப்படவில்லை, ஒரு பக்க அடியை உயர்த்தினேன், அதுவும் சரிப்படவில்லை, எனக்கென்றே புது ஜோடி தைத்தேன், இப்படி நான்கு ஜோடி. நடை இன்னும் கோணலானதுதான் மிச்சம். உன் மாமா வேறு வந்து, இது வெறும் சுளுக்கு மச்சான், இப்ப பாருங்க என்று காலைப் பிடித்து ஒரு இழு இழுத்தான், எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. அப்புறம் பதினொரு நாள் தரையோடு தரையாகக் கிடந்தேன், எழுந்தபோது முன்பைவிட விறைத்துப் போயிருந்தேன்.

மறுபடி கடை திறந்த அன்று, அறுந்த செருப்பு வாரைத் தைக்க ஒரு பிசியோதெரபி அம்மா வந்தார். நான் மேஜையைப் பிடித்து எழுந்த லட்சணத்தைப் பார்த்து எங்கே வலி என்றார், கெண்டைக்காலைக் காட்டினேன். அது வந்து சேர்ற இடம், கிளம்புற இடம் எது என்று கேட்டார். அதுவரை நான் யோசித்ததே இல்லை வாண்டு. கவனித்துப் பார்த்தால், புட்டத்தில் கிளம்பி, தொடையின் பின்பக்கமாக இறங்கி, கெண்டைக்கால் வழியாகச் சுண்டுவிரல் வரைக்கும் சுரீரென்று ஓடுகிறது. உட்கார்ந்தால் அதிகம், நடந்தால் கொஞ்சம் பரவாயில்லை, பாதத்தின் வெளி ஓரம் மரத்துப் போகிறது. தும்மினா, இருமினா காலுக்கு இறங்குதா என்றார், பார்த்துக்கொண்டே இருந்தவர் மாதிரி. கோளாறு உங்க செருப்புல இல்லைங்க, இடுப்புலேருந்து போற நரம்பை ஏதோ அழுத்துது போல, சயாட்டிகாவா இருக்கலாம், நான் சொன்னா போதாது, டாக்டர்கிட்ட போங்க என்றார். என் கடையிலேயே என் மூக்கு உடைந்தது.

டாக்டர் மல்லாக்கப் படுக்க வைத்து முழங்காலை மடக்காமல் காலைத் தூக்கினார், ஒரு முழம் எழும்புவதற்குள் அலறிவிட்டேன். ஒற்றைக் கால் நுனியில் நிற்கச் சொன்னார், வலது கால் எழும்பியது, இடது கால் எழும்பவே இல்லை. அப்போதுதான் பயந்தேன். முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் தட்டு, டிஸ்க் என்கிறார்களே, அதில் ஒன்று பிதுங்கி நரம்பை அழுத்துகிறதாம். நிறையப் பேருக்குச் சில வாரத்துல தானாவே தணிஞ்சிடும், ஆனா கால் பலம் குறையுறப்ப வீட்டுல உட்காந்திருக்கக் கூடாது, படுத்தே கிடக்கவும் கூடாது, முடிஞ்சவரைக்கும் நடங்க என்றார். மாத்திரை கொடுத்தார், அந்தப் பிசியோதெரபி அம்மாவிடமே பயிற்சிக்கு அனுப்பினார். இப்போது கடைக்கு நடந்தே போகிறேன். போன வாரம் இடது கால் நுனியில் நின்று மேல் தட்டிலிருந்து பசை டப்பாவை எடுத்தேன், அம்மா கை தட்டினாள்.

உனக்கும் அதேதான் என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை, நான் டாக்டரில்லை. வலி எங்கே கிளம்பி எங்கே போகிறது என்று ஒரு நாள் கவனித்து, இந்த வாரமே போய்க் காட்டு. இன்னொன்று, அப்பன் மகளுக்கு எழுதுகிற விஷயமில்லை, ஆனால் அம்மா எழுதுங்க எழுதுங்க என்று இடிக்கிறாள். தொடைகளுக்கு நடுவே மரத்துப் போனாலோ, சிறுநீர் அடைத்தாலோ தன்னையறியாமல் போனாலோ, காலில் பலம் விட்டுப்போனாலோ அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்கு ஓடு, விடியட்டும் என்று பார்க்காதே. அடுத்த மாதம் வேலை நிரந்தரமாகிற சமயம், இப்போது போய் மேற்பார்வையாளரிடம் கால்வலி என்றால் பெயரைக் கழித்துவிடுவாரோ என்றுதான் நீ வாயை மூடிக்கொண்டிருக்கிறாய், எனக்குத் தெரியாதா. அந்த வேலை போனால் இன்னொன்று தேடலாம், கால் போனால் எங்கே போய்த் தேடுவது? ஷூ கட்டாயம் தைக்கிறேன், உன் பழைய அளவையும் தேடி எடுத்து வைத்திருக்கிறேன், ஆனால் டாக்டர் சொன்னதை நீ எழுதிய பிறகுதான் தோலில் கத்தி வைப்பேன்.

ஆறு வயதில் கடையில் குத்தூசி உன் உள்ளங்கையில் ஏறிற்று, நினைவிருக்கிறதா? நீ உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாய். என் மக வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டா என்று அன்றைக்கு வந்த வாடிக்கையாளர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன். அன்றிலிருந்து நீ சொல்வதே இல்லை. நான் செய்த தப்பு அது வாண்டு, என்னை மன்னித்துவிடு. இனி வலித்தால் வலிக்கிறது என்று சொல், முதலில் டாக்டரிடம், அடுத்து எங்களிடம். அதற்காகவும் உன்னைப் பற்றிப் பீற்றிக்கொள்வேன்.

நிமிர்ந்து நடந்து, நெடுநாள் நன்றாக இருக்க வேண்டும் என்று நாங்கள் இருவரும் மனதார வாழ்த்துகிறோம். இந்த வாரமே போ, மறந்துவிடாதே.

உன் அப்பா