பேப்பர் கப்பில் உறைந்த மல்லி

நேற்று கோத்தகிரியில் பல் டாக்டரைப் பார்க்கப் போயிருந்தேன். மாடிப்படி ஏறும்போதே அந்த நெடி மூக்கில் ஏறிவிட்டது. பல்வலி எங்கே போனதென்று தெரியவில்லை. பக்கத்து அறையில் புதுத் தரை ஊற்றிக்கொண்டிருந்தார்கள். கதவோரம் நின்று எட்டிப் பார்த்தேன். ஆணி வைத்த செருப்பை மாட்டிக்கொண்டு ஓர் ஆள் ஈரத்தின் மேலேயே கொக்கு மாதிரி நடந்துகொண்டிருந்தான். நீங்கள் நடந்த அதே நடை.

"அம்மா, உள்ள வந்துராதீங்க. கால் ஒட்டிக்கும்" என்றான்.

"தெரியும் சாமி. எங்கூட்டுக்காரருக்கும் இந்த வேலைதான்."

"எங்கீங்க செய்யறாரு?"

"இப்பச் செய்யறதில்லை" என்றேன். நீங்கள் போய்ச் சேர்ந்த கதையை மாடிப்படியில் நின்று சொல்ல எனக்கு மனசில்லை.

வீட்டுக்கு வந்ததும் பீரோவில் சேலைக்கடியில் கைவிட்டு அந்தக் கட்டியை எடுத்தேன். கண்ணாடி மாதிரித் தெளிந்து, பேப்பர் கப்பின் அச்சிலேயே உறைந்தது, அடியில் குறுகி, மேலே விரிந்து. நடுவில் ஒரு மல்லி. பேத்தி ஒருநாள், பேப்பர் பறக்காமல் இருக்க மேலே வைத்துக்கொள்கிறேன் என்று கேட்டாள். தர முடியாது என்றேன். இப்போது அதை இடது கையில் பிடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன். நாலாம் வகுப்புக் கையெழுத்து, கோணலாகத்தான் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

தேயிலை விலை விழுந்த காலம் அது. பறித்த கொழுந்தை ஃபேக்டரி வேண்டாமென்று திருப்பினால் ரோட்டோரமே கொட்டினார்கள். தோட்டத்து லயத்து வீடுகளில் பாதிக் குடும்பங்கள் பிழைப்புக்குத் திருப்பூருக்கு இறங்கிவிட்டன. ஃபேக்டரியில் தேயிலை காய வைக்கிற ட்ரையரைப் பார்த்துக்கொண்டிருந்த உங்களுக்கும் வேலை நின்றது. என்னை ஒரு வார்த்தை கேட்காமல் கோயம்புத்தூர் பஸ் ஏறினீர்கள். அதை நான் இன்னும் மறக்கவில்லை, மறக்கப் போவதும் இல்லை.

எப்போதாவது வருவீர்கள். மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் வாங்கின மல்லி கையில் இருக்கும். பேண்ட்டில் சொட்டுச் சொட்டாக என்னமோ உறைந்திருக்கும். சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. துவைக்கிற கல்லில் அடித்தால் டொக்கென்று சத்தம் வரும்.

"ஏனுங்க, அங்க என்ன வேலை?"

"தரை போடறோம்."

"சிமெண்ட்டுத் தரைங்களா?"

"சிமெண்ட் இல்ல புள்ள. எபாக்சி. பசையாட்டம் இருக்கும்."

"பசை மேல எப்படி நடப்பாங்க?"

நீங்கள் சிரித்துவிட்டுப் படுத்துவிடுவீர்கள். பசை எப்படிக் கல்லாகும் என்று நான் துணி காயப்போடும்போதெல்லாம் யோசித்துக்கொண்டிருப்பேன்.

அப்புறம்தான் ஃபேக்டரி டீ மேக்கர் உங்களைக் கூப்பிட்டனுப்பினார். தூளுக்கு அவர்தான் அதிகாரி. தூள் சலிக்கிற அறையில் தரை வெடித்துக் கிடந்தது. மண் கலந்த தூள் வேண்டாமென்று வாங்குகிறவர்கள் சொல்லிவிட்டார்களாம். "தரைய நல்லாப் போட்டுக் குடுப்பா. தூள் வித்துப் போச்சுன்னா ட்ரையர் ஓடும். நீயும் மலைக்கே வந்துரலாம்" என்றார். அவர் பேச்சை நான் ரொம்ப நம்புகிறவள் இல்லை. ஆனாலும் அன்றிலிருந்து எனக்கு வேறு நினைப்பில்லை. தரை பிடித்தால் நீங்கள் வீட்டில், பிடிக்காவிட்டால் மறுபடியும் கோயம்புத்தூர்.

பெருக்கித் தள்ள ஆள் வேண்டுமென்று நானும் வந்தேன். உங்கள் வேலையைப் பார்ப்பது எனக்கு அதுதான் முதல் தடவை. பழைய தரையில் ஒரு பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் ஒட்டி விட்டீர்கள். மறுநாள் பிரித்துப் பார்த்தால் அடியில் முத்து முத்தாக நீர். "தரை வேர்க்குது. இதுக்கு மேல ஊத்துனா உரிஞ்சு வந்துரும்" என்றீர்கள். தரைக்கு வேர்க்கும் என்று யாருக்குத் தெரியும்? தினமும் நானே முதலில் போய் அந்தத் தாளைத் தூக்கிப் பார்த்தேன். மஞ்சு விலகி, வெயில் அடித்து, ஒருநாள் தாளுக்கடியில் ஒன்றுமில்லை. தொட்டால் பொரபொரவென்று இருந்தது. உங்களைக் கூப்பிட ஓடினேன்.

அடிப்பூச்சு அன்றைக்கு. முதல்நாள் மேட்டுப்பாளையம் இறங்கி, டப்பாக்களோடு நீங்கள் கொண்டுவந்த மல்லியைத் தலையில் வைத்திருந்தேன். வாசலிலேயே கழற்றி, இலையில் சுற்றி வெளியே வைத்தேன். அது எங்கள் ஃபேக்டரிச் சட்டம். பூ, பவுடர், பீடி எதுவும் சலிக்கிற அறைக்குள் போகாது, தூள் எந்த வாசத்தையும் இழுத்துக்கொள்ளும். கல்யாணமான புதிதில் தெரியாமல் பூவோடு போய்விட்டேன். அந்த டீ மேக்கர் எல்லார் முன்னாலும், "ஏம்மா, தூளு உன்ற பூவைக் குடிக்கோணுமா? கழட்டி வெளிய போடு" என்றார். போட்டேன். யார் யார் சிரித்தார்கள் என்று இன்றைக்குக் கேட்டாலும் பெயர் சொல்வேன்.

நீங்கள் இரண்டு டப்பாவையும் ஒரே வாளியில் ஊற்றி மெஷினை விட்டுக் கலக்கினீர்கள். நெடி குப்பென்று வந்தது. கண் எரிந்தது. அப்போதுதான் என் பார்வை மரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் போனது. விற்காத தூள் மூட்டைகள் கூரை வரை அடுக்கிக் கிடந்தன.

"ஏனுங்க, அந்த மூட்டைங்க?"

நீங்கள் திரும்பிப் பார்த்தீர்கள். மெஷின் நின்றது. அத்தனை வருஷம் ட்ரையர் பார்த்தவர், கோயம்புத்தூர் போய் மூக்கைத் தொலைத்துவிட்டீர்களோ என்று எனக்குக் கோபம். ஆனால் உங்கள் முகம் வெளுத்ததைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

டீ மேக்கர் ஓடிவந்தார். "என்னப்பா நிறுத்திட்டே? வெயில் போயிரும்."

"மூட்டைய மொதல்ல நகத்தோணுங்க."

"பாலித்தீன் போட்டு மூடித்தான கெடக்குது? நீ ஊத்து."

"ஊத்த மாட்டனுங்க."

மெதுவாகத்தான் சொன்னீர்கள். மேலே வந்து சேர்வது அவர் கையில் இருந்தது. அது தெரிந்தும் சொன்னீர்கள். எனக்குப் பொறுக்கவில்லை.

"ஒரு முழம் மல்லியக் குடிக்கிற தூளு, இத்தனை நெடியக் குடிக்காதுங்களா?" என்றேன்.

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவர் என்னைப் பார்த்தார். மறந்திருக்க மாட்டார். தடுப்புக்குப் பின்னால் போய், முதல் மூட்டையைத் தன் தோளிலேயே ஏற்றிக்கொண்டு வந்தார்.

எங்கே வைப்பது? ரேஷன் கடையில் மண்ணெண்ணெய். மாதா கோயில் ஹாலில் சாம்பிராணி. பள்ளிக்கூடத்தில் சத்துணவுச் சாம்பார். ஒவ்வொரு இடத்தையும் ஆளாளுக்கு மோந்து பார்க்காத குறைதான். கடைசியில் பிள்ளைக் காம்பராவைத் திறந்தோம். கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் அறை. குடும்பங்கள் இறங்கிப் போனதிலிருந்து பூட்டியே கிடந்தது. டீ மேக்கர் உள்ளே போய் நின்று மூச்சை இழுத்தார். "ஒரு வாசமும் இல்ல" என்றார். பால் வாசம்கூட இல்லை. தொட்டில் கம்பிகளுக்குக் கீழே மூட்டைகளை அடுக்கினோம்.

திரும்பி வந்தால் கலக்கி வைத்த வாளி புகைந்துகொண்டிருந்தது. "கைய வெச்சுப் பாரு" என்றீர்கள். சுட்டது.

"ரெண்டும் பச்சத் தண்ணியாட்டம் இருந்துச்சே, எப்படிங்க சுடுது?"

"தனித்தனியா இருந்தாச் சில்லுன்னு இருக்கும். சேந்தாச் சூடு. நம்மளாட்டம்."

எல்லார் முன்னாலும் சொன்னீர்கள். நான் முறைத்தேன். அதற்கு முன்னால் நீங்கள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

அந்த வாளி வீண். வேறு வாளி கலக்கி ஊற்றி முடித்தபோது, இறுகத் தொடங்கிய பசை கொஞ்சம் மிஞ்சியது. டீ குடித்த பேப்பர் கப்பில் ஊற்றினீர்கள். நான் வாசலில் வைத்த சரத்திலிருந்து ஒரு பூவைக் கிள்ளி அதில் போட்டேன். ஏன் போட்டேன் என்று கேட்டால் தெரியாது, என்ன ஆகும் என்று பார்க்கத்தான். பூ மூழ்கும்போது ஒரு குமிழி விட்டது. அந்தக் குமிழி மேலே வருவதற்குள் பசை இறுகிவிட்டது.

மறுநாள் தரையில் அடிப்பூச்சின் மேல் பச்சை வண்ணம் ஊற்றினீர்கள். சாயங்காலம் மஞ்சு இறங்கியது. ஜன்னல் இடுக்கிலெல்லாம் சாக்கை அடைத்தும் ஒரு மூலையில் நுழைந்து, அந்த இடத்தை மட்டும் பூசணம் பிடித்தது போல வெளுக்கச் செய்துவிட்டது. அதைத் தேய்த்தெடுத்துத் திரும்பப் பூசினீர்கள். மற்ற இடமெல்லாம் குளம் மாதிரி. குனிந்தால் என் முகம் தெரிந்தது.

தூள் விற்றுப் போனது. ட்ரையர் ஓடியது. டீ மேக்கர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அதை ஒத்துக்கொள்கிறேன், அவ்வளவுதான். நீங்கள் டப்பா மூட்டையை இறக்கி வைத்துவிட்டு மேலேயே தங்கிவிட்டீர்கள். ட்ரையர் ஓடிய முதல் நாள், நான் கப்பிலிருந்து உரித்த கட்டியைக் கொண்டுபோய் அவர் முன்னால் நீட்டினேன்.

"இந்தப் பூவுக்கு வாசம் இல்லீங்க. உள்ள கொண்டு போலாமுங்களா?"

வாங்கி மோந்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "போம்மா, போ" என்றார்.

அன்று வீட்டுக்கு வரும் வழியில் உங்களைக் கேட்டேன், வாசம் எங்கே போச்சுங்க என்று. "உள்ளதான் இருக்கும்" என்றீர்கள். அதற்கு மேல் சொல்லத் தெரியாது உங்களுக்கு. பூ இப்போது பழுப்பாகிவிட்டது. குமிழி மட்டும் போட்டபடியே இருக்கிறது. அது பூ விட்ட மூச்சு என்றால், மேட்டுப்பாளையத்து மல்லி அதற்குள் இருக்க வேண்டுமே?

நேற்று தரை ஊற்றின அந்த ஆளிடம், குமிழிக்குள் வாசம் இருக்குமா என்று கேட்டே விட்டேன். "அறுத்துப் பாத்தாத்தாங்க தெரியும். கொண்டாங்க, மெஷின்லயே அறுத்துத் தர்றேன்" என்றான்.

கொண்டு போகப் போவதில்லை. அறுத்தால் தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால், அப்புறம் உங்களிடம் கேட்க எனக்கு என்ன இருக்கிறது?