எலி வாலும் எங்கள் ரத்தமும்

ஈஸ்ட் ஹாம், லண்டன், 2007

என் அன்பான அப்பா,

போன வியாழக்கிழமை மதுராவை அடித்துவிட்டேன். நீங்கள் முகம் காணாமலே செத்துப்போன உங்கட பேத்தி. ஆறு வயசு. பால் போத்தல் கைதவறி உடைந்துவிட்டது, அவ்வளவுதான். நான் அறைந்த அறையில் மேசை விளிம்பில் போய் விழுந்தாள். உதடு கிழிந்து ரத்தம். அவள் அழவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பிள்ளையை ஏன் இப்பிடி அடிச்சனீங்கள்?" என்று என் மனைவி சுதா கேட்டாள்.

"எங்கட பரம்பரை ரத்தம் அப்பிடி" என்றேன். உங்கட வார்த்தை, அப்பா.

ஊரில் விலங்கியல் ஆசிரியராக இருந்த நீங்கள், இங்கே லண்டன் எட்மண்டனில் பெற்றோல் ஷெட் வேலை முடித்து வந்து என் பயாலஜி கொப்பியைத் திருத்துவீர்கள். தலைமுறை தலைமுறையாக எலிகளின் வாலை வெட்டிப் பார்த்த அந்த ஜெர்மன் விஞ்ஞானியில் உங்களுக்கு அப்படியொரு பக்தி. எத்தனை வெட்டியும் குட்டிகள் வாலோடுதான் பிறந்தன. உடம்புக்கு நடப்பது பிள்ளையை உண்டாக்கும் விதைக்குள் போகாது என்று அவர் சொன்ன பிறகுதான் பரம்பரையையும் பரிணாமத்தையும் பற்றி உலகம் வேறுமாதிரி யோசித்தது என்பீர்கள். அதைப் பள்ளிக்கூடச் சோதனையில் பிழையாக எழுதியதற்குத்தான் பெல்ட்டைக் கழற்றினீர்கள். பக்கிள் பட்டு மணிக்கட்டு எலும்பு உடைந்தது. ஆஸ்பத்திரியில் படியால் விழுந்தேன் என்று பொய் சொன்னேன்.

திரும்பும்போது பஸ்ஸில் சொன்னீர்கள்: "என்ர அப்பரும் இப்பிடித்தான். ரத்தத்தில வந்தது, என்ன செய்யிறது?"

"அடி வாங்கினது பிள்ளைக்குப் போகாது எண்டுதானே உங்கட விஞ்ஞானி சொன்னவர்?" என்று கேட்டேன்.

சனம் பார்க்கப் பார்க்கக் கன்னத்தைப் பொத்தி அறைந்தீர்கள்.

அந்தக் கேள்விக்கு உங்களிடம் மறுமொழி இருந்ததா? உங்கட செத்தவீட்டிலும் அதைத்தான் யோசித்துக்கொண்டு நின்றேன். உங்களில் எனக்கிருப்பது பாசமா கோபமா, இன்னும் பிரிக்க ஏலாமல் கிடக்குது.

சுதா பிள்ளையோடு தமக்கை வீட்டுக்குப் போய்விட்டாள். "ரத்தமெண்டால் நீங்கள் மாற ஏலாது. மாற ஏலாத ஆளோட நான் ஏன் இருக்கவேணும்?" என்று கேட்டுவிட்டுத்தான் போனாள்.

அடுத்தநாள் டொக்டரிடம் நடந்ததை நடந்தபடி சொன்னேன். பிள்ளைகளின் பாதுகாப்பைப் பார்க்கிற சோஷல் சேர்விஸுக்கு அறிவிக்கவேணும் என்றார். ஓம் என்றேன். கைநீட்டுகிற ஆம்பிளைகளுக்கென்று ஒரு வகுப்பு இருக்குதாம், வாற கிழமை தொடங்குது.

சனிக்கிழமை, சுதா பக்கத்தில் இருக்க, மதுராவைப் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கினம். ஏன் அடித்தீர்கள் என்று அவள் கேட்பாள். பரம்பரையில் பழி போடமாட்டேன், அப்பா. உங்களிலும் போடமாட்டேன். "அப்பாதான் அடிச்சவர், அப்பாவில்தான் பிழை" என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லுவேன். இது சத்தியம்.

உங்கட மகன்,
மதுராவின் அப்பா,
குகன்