புதிதாக இரண்டு புடைப்பு

ஸ்ரீரங்கம்
4 கார்த்திகை, 1966

சிரஞ்சீவி வரதுவுக்கு அநேக ஆசீர்வாதம். பெருமாள் கிருபையில் இங்கே எல்லோரும் சௌக்கியம், என் தலையைத் தவிர. கான்பூர் குளிரில் நீயும் நாட்டுப்பெண்ணும் குழந்தையும் எப்படி இருக்கிறீர்கள் என்று எழுது.

நான் சொன்னதுதான் சரியாயிற்று! ஐந்து வருஷம் முன்பு மூளையில் ரத்தக்குழாய் புடைத்து வெடித்து, மெட்ராஸில் மண்டையைத் திறந்து கிளிப் போட்டார்களே, அதோடு தீர்ந்தது என்று நீயும் அப்பாவும் சாதித்தீர்கள். ஆவணியிலிருந்து தலைவலி என்று கத்தினேன், உன் தங்கை மரகதத்தின் கல்யாணக் கவலை என்றீர்கள். விட்டேனா? மெட்ராஸுக்குப் போய், கழுத்தில் மருந்து ஏற்றிப் படம் எடுக்க வைத்தேன். டாக்டர் பழைய படத்தையும் புதியதையும் சேர்த்து வெளிச்சத்தில் மாட்டினார். பழைய கிளிப் போட்ட இடத்தில் அப்படியே இருக்கிறது. அன்று வழவழவென்றிருந்த வேறு குழாய்களில் இப்போது இரண்டு புடைப்பு, ஒன்று மிளகு, ஒன்று உளுந்து! எனக்கே தெரிந்தது. சிலருக்கு இப்படிப் புதிதாக முளைக்குமாம். "வெடிக்கிறதுக்கு முன்னாடி வந்தீங்கம்மா, தள்ளிப் போடாதீங்க" என்றார்.

ஆத்துக்கு வந்து சொன்னால் யுத்தம். தையில் கல்யாணம், ஆபரேஷனுக்காக இப்போது தலையை மழித்தால் அதற்குள் முடி வளராது. "சுமங்கலி மொட்டைத் தலையோட கன்னிகாதானத்துல நிக்கறதாவது! தானா எழுத்துக் கூட்டிப் படிச்சவளுக்கு டாக்டர் பேச்சு என்ன புரியும்" என்கிறாள் உன் வேதவதி அத்தை. போன தடவை முடி வளரும்வரை ஒருத்திகூட என்னை வெற்றிலை பாக்குக்குக் கூப்பிடவில்லை, நான் மறக்கவில்லை. அப்பா உனக்குக் கடுதாசி எழுத உட்கார்ந்துவிட்டார். அதைப் பார்த்து நீயும் பங்குனிவரை பொறு என்று எழுதுகிறாய். மிளகு பஞ்சாங்கம் பார்க்குமா?

நானே பஸ் ஏறி உறையூரில் சம்பந்தி மாமியிடம் சொல்லிவிட்டேன். ஒரு நிமிஷம் என் தலையையே பார்த்தார். "முடியோட வரணும்னு யார் கேட்டா? தலையோட வந்து சேருங்கோ, போறும்" என்றார். சிரித்து எனக்குக் கண்ணில் ஜலம் வந்துவிட்டது. அதைக் கேட்டபிறகுதான் உன் அப்பா எழுந்து போய் மெட்ராஸுக்கு ரயில் டிக்கெட் வாங்கி வந்தார்.

மார்கழி பிறப்பதற்குள் ஆபரேஷன். பிழைப்பேன் என்று டாக்டர் சத்தியம் செய்யவில்லை, நானும் கேட்கவில்லை. ரத்தம் கொடுக்க ஆள் வேண்டும், லீவு போட்டு நேரே ஆஸ்பத்திரிக்கு வா. தடுக்க வருவதானால் வராதே. குழந்தைக்குக் காது மூடக் குல்லாய் போடு. தையில் மரகதத்தைத் தாரை வார்க்கும்போது ஜலம் விடப்போவது நான்தான். என் மொட்டையைப் பார்க்கப் பிடிக்காதவர்கள் கல்யாணப் பெண்ணைப் பார்க்கட்டும்.

தீர்க்காயுசாக இருங்கள்.

உன் அம்மா
குமுதவல்லி