மாதேஸ்வரனுக்கு நேர்ந்த முடி

மைசூர்

அன்புள்ள அம்மாவுக்கு வினிதா எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? அப்பா வேளைக்குச் சாப்பிடுகிறாரா? போனில் பேசினால் வீடே கூடிக் கேட்கும், அதனால்தான் கடிதம்.

முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியதே, அது எந்த நோயும் இல்லையாம். ரத்தம்கூடப் பார்த்துவிட்டார்கள். ஆஸ்பத்திரி நர்ஸ் ஜோதிமணி அக்கா நம் கொள்ளேகால் பக்கம். என் சீப்பை வாங்கிப் பார்த்துச் சிரித்தார். "சுருட்ட முடிய காய வெச்சு யாராச்சும் இப்படி இழுப்பாங்களா கண்ணு? வேரோட வரல, பாதியில அறுந்துதான் வருது. ஈரத்துலயே, பெரிய பல்லுச் சீப்புல, நுனியிலிருந்து சிக்கெடு."

ஒரு மாதமாக அப்படியே செய்கிறேன். இப்போது சீப்பில் நாலைந்து முடிதான் வருகிறது. பரட்டை என்று நீ எண்ணெய் வழிய இறுக்கிப் பின்னியதெல்லாம் சுருள்சுருளாக நிற்கிறது. பின்பக்கம் எப்படி இருக்கிறதென்று பார்த்துச் சொல்லத்தான் அறையில் ஆளில்லை. சீயக்காய் கொஞ்சம் அரைத்து வை.

தம்பி மதன் சொன்னான், எனக்குக் கொட்டுவது நின்றால் உன் முடியை மலை மாதேஸ்வரனுக்குத் தருவதாக நேர்ந்துகொண்டாயாமே! யாரைக் கேட்டு நேர்ந்தாய்? சரி, சாமி காரியம், தடுக்கமாட்டேன். ஆனால் உன் தலையும் என் தலை மாதிரிதான். நீயும் இத்தனை வருடமாகக் காய வைத்துத்தான் இழுக்கிறாய். மலைக்குப் போகும் முன் ஒரு நாள் இங்கே வா. சீயக்காயையும் கையோடு கொண்டுவா. ஈரத்தலையோடு உட்காரவைத்து நான் சிக்கெடுக்கிறேன்.

கம்பெனி வேன் வந்துவிட்டது. உன் சுருளை நாம் இருவரும் ஒருமுறை பார்த்துவிட்டு, அப்புறம் சாமிக்குக் கொடுக்கலாம்.

உன் மகள்
வினிதா