சாமியாரின் யோசனையும் டாக்டரின் கேள்வியும்

1952 ஜூன் 16, திங்கள்

மேகமூட்டம், மழை இல்லை. சூரமங்கலத்துக் குழாயில் தண்ணீர் நூல்போல. குழம்பாமலிருக்க முதலில் வரிசை:

1. என் தொல்லை.
2. சாமியாரின் யோசனை. (பயனில்லை.)
3. டாக்டரின் சிகிச்சை.
4. வேறுபாடு.

முதலாவது. ஞாயிறு பூசையில் நன்மை, அதாவது நற்கருணை அப்பம், வாங்க வேண்டுமானால் நள்ளிரவு முதல் தண்ணீரும் கூடாது. பல் தேய்த்துக் கொப்புளிக்கையில் ஒரு சொட்டு உள்ளே போயிற்றோ என்று ஞாயிறுதோறும் சந்தேகம், மறுபடி மறுபடி கொப்புளிப்பேன். நான்கு மாதமாக நன்மை வாங்கவில்லை. நன்மைக்கு நான் எழுந்து போகாததால் ரோசம்மாளும் எழுவதில்லை. நாற்பது வருட மனைவி. என்னால் அவளுக்கும் பட்டினி.

இரண்டாவது. இதே சொட்டுக்காகப் பங்குச் சாமியாரிடம் ஆறு முறை பாவசங்கீர்த்தனம். ஒரு தரம் கொப்புளித்துத் துப்பிவிட்டு நேரே கோயிலுக்கு வரச் சொன்னார் சாமியார். முடியவில்லை. மனநோய் டாக்டர் விலாசமும் அவர் கொடுத்ததே.

ஜூன் 18, புதன்

மூன்றாவது, சிகிச்சை. டவுனில் டாக்டர் வீட்டுக்கு இது மூன்றாம் முறை. பைத்தியம் என்று எழுதிவிடுவாரோ? பஸ்ஸில் ரோசம்மாள்: "பைத்தியம்னா இத்தன வருசத்துல எனக்குத் தெரியாதுங்களா? பேசாம வாங்க."

மாத்திரை இல்லை, புத்திமதி இல்லை. கேள்வி மட்டும். இன்று வாயில் வந்துவிட்டது. பன்னிரண்டு வயதில், முதல் முதல் நன்மை வாங்கும் புதுநன்மையன்று விடியலில், ஒரு செம்புத் தண்ணீர் குடித்துவிட்டு நன்மையும் வாங்கினேன். பத்தாம் நாள் அம்மா காலராவில் போனாள். குடித்ததை அப்போதே பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். அதனால்தான் அம்மா போனாள் என்று நினைத்ததை யாரிடமும் சொன்னதில்லை.

டாக்டர்: "அந்தப் பையன் இப்ப உங்ககிட்ட வந்து இதச் சொன்னா, என்னங்க சொல்வீங்க?"

நான்: "ரொம்பத் தாகமா இருந்துச்சா, கண்ணுன்னு கேப்பேன்."

துண்டு நனைந்தது. வெட்கம். வீட்டில் நல்ல பசி. இரண்டு தோசை கூடுதல்.

ஜூன் 20, வெள்ளி

குடைக்கம்பி ஒடிந்தது. நான்காவது, வேறுபாடு: யோசனை இன்றைய காரியத்துக்கு. சிகிச்சை, அந்தக் காரியம் எங்கே முளைத்தது என்று தேடுவது. இன்னும் எத்தனை புதன் என்று டாக்டரே சொல்லவில்லை. சாமியாரிடம் பதில் கேட்டேன். டாக்டரிடம் பதிலை நானே சொன்னேன். சரியாக எழுதினேனா, தெரியவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

விடியலில் தூறல். ஒரு தரம் கொப்புளித்தேன், துப்பினேன். சந்தேகம் வந்தது, சிறியதாக. நேரே கோயில். நன்மை வாங்கினேன். பெண்கள் பக்கம் ரோசம்மாள் எழுவது தெரிந்தது.

வீட்டில் சொன்னாள்: "கொப்புளிக்கிற சத்தம் ஒருக்காத்தானுங்க கேட்டுது. அப்பவே நல்ல சேலயா எடுத்துக் கட்டீட்டேன்."

ஒரு தரம், துப்பு, நேரே கோயில். சாமியார் சொன்னது அதுவே. புதன்கிழமை இல்லாமல் அதைச் செய்திருக்க முடியாது. ஆனால் இன்று காலை செய்தது அதைத்தான். இரண்டாவதில் 'பயனில்லை' என்று எழுதியது தவறு. திருத்தப் பேனா எடுத்தேன். வேண்டாம், கிடக்கட்டும்.