பால் சுறா

மார்ச் 26
பாஸ்போர்ட் வந்துவிட்டது. போட்டோவில் கோழி திருடியவள் மாதிரி முழிக்கிறேன். "இந்த மூஞ்சியக் காட்டுனா மஸ்கட்ல உள்ள வுடுவானா?" என்று இவர் கேட்கிறார். முப்பது வருஷம் கடலுக்குப் போன மனுஷனுக்கு விமானம் என்றால் பயம். அதனால் நான் மட்டும் போகிறேன்.
தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் முறை. ஆனால் அங்கிருக்கும் மகள் காயத்ரிக்கு ஆறு வருஷம் கழித்துத் தங்கிய பிள்ளை. அலையக்கூடாது என்று அங்கே டாக்டர் சொல்லிவிட்டார். மகள் வர முடியாவிட்டால் தாய் வீடு கிளம்பிப் போக வேண்டியதுதான்.

மார்ச் 30
முதுநகர் துறைமுகத்தில் நல்ல பால் சுறா கிடைத்தது. மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டால் கண்ணில் காட்ட மாட்டார்கள். உப்பு வைத்துக் காயப் போட்டிருக்கிறேன். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற இதற்கு மிஞ்சியது இல்லை.
"ஏர்போர்ட்டே நாறப் போவுது" என்றாள் பக்கத்து வீட்டு அமிர்தம்.
"நாறட்டும்டி. எம் பேரப்புள்ள கொழுகொழுன்னு இருக்கும்."

ஏப்ரல் 2
சிதம்பரம் போய்த் தில்லைக் காளியம்மன் குங்குமம் வாங்கி வந்தேன். இவருடைய பழைய வேட்டிகளை வெந்நீரில் அலசி, துண்டு துண்டாகக் கிழித்து மடித்து வைத்தேன். பிறக்கும் முன்னே புதுத்துணி எடுக்கக்கூடாது. பூண்டு இரண்டு கிலோ. சுறாவோடு எல்லாம் பெட்டியில் ஏறியாச்சு.

ஏப்ரல் 5
காயத்ரி பேசினாள். "நேத்துலேர்ந்து புள்ள முன்ன மாதிரி ஒதைக்கலம்மா."
"மாசம் நெறையுது இல்ல, உள்ள எடம் பத்தல. நீ வயித்துல இருக்கசொல்ல எனக்கும் அப்படித்தான். போய்ப் படுத்துத் தூங்கு."
சிரித்துக்கொண்டே வைத்தாள்.

ஏப்ரல் 7
போய்விட்டது.

ஏப்ரல் 8
மருமகன் அஜய்தான் சொன்னார். செக்கப்புக்குப் போன இடத்தில் துடிப்பு இல்லையாம். ஊசி போட்டு வலி வரவைத்துப் பெற்றாள். பெற்றாள் என்றுதான் எழுத வேண்டும், வேறு என்ன எழுதுவது? ஆண் பிள்ளை. அங்கேயே அடக்கம் பண்ணிவிட்டார்கள்.
தூங்கு என்று நான்தான் சொன்னேன். ஆஸ்பத்திரிக்கு ஓடுடின்னு சொல்ல எனக்கு வாய் வரலியே. அன்னிக்கே போயிருந்தா — பெரிய மருத்துவச்சி மாதிரி சொன்னேனே, எனக்கு என்ன தெரியும்?
"நீ சொன்னதுனால இல்ல" என்கிறார் இவர். இவருக்கு மட்டும் என்ன தெரியும்?

ஏப்ரல் 9
நான் போகவில்லை. எந்த முகத்தோடு போவேன்? பெட்டியைப் பரணில் போடச் சொன்னேன். இவர் காதில் வாங்கவில்லை. கூடத்திலேயே கிடக்கிறது. வீடு முழுக்கக் கருவாட்டு வாசம்.

ஏப்ரல் 10
காயத்ரி போன் செய்தாள்.  
"பால் கட்டிக்கிட்டுக் கல்லாட்டம் வலிக்குதும்மா. நான் என்னா பண்ணட்டும்?"
என்னைக் கேட்கிறாள். மறுபடியும் என்னைத்தான் கேட்கிறாள்.
"மொதல்ல டாக்டர்கிட்டக் காட்டும்மா. இப்பவே கெளம்பு."
"காட்டிட்டேன், மாத்திர குடுத்திருக்காங்க. நீ எப்பம்மா வர்ற?"
"ஞாயித்துக்கிழம வந்துர்றேன்."

ஏப்ரல் 12
சுறாவையும் பூண்டையும் வெளியே எடுத்தேன். அமிர்தம் வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். வேட்டித் துணியையும் எடுக்கப் போனேன். பிறகு வேண்டாமென்று விட்டுவிட்டேன். மாரில் மல்லிகைப் பூவை வைத்துக் கட்டினால் பால் வற்றும், எங்கள் பக்கம் அதுதான் வழக்கம். கட்டுவதற்குத் துணி வேண்டும்.
மல்லி வாங்கி வரச் சொன்னேன். இவர் கடைத்தெருவில் இருந்ததையெல்லாம் வாங்கி வந்து, பக்கத்தில் உட்கார்ந்து வாழைநார் கிழித்துக் கொடுத்தார். 
தொடுத்த பூவை ஈரத்துணியில் சுற்றி, சுறா இருந்த இடத்தில் வைத்தேன். அந்த வாசம் இன்னும் பெட்டியை விட்டுப் போகவில்லை. பூவுக்கும் ஏறிவிடும். ஏறட்டும்.
பெட்டியைத் தூக்கிப் பார்த்தேன். கனமே இல்லை.