அத்தையின் முகமும் கடை கிரீஸ் கன்னும்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே அத்தையின் முகத்தைத் தவிர எல்லோரும் நலம், அங்கே உன் நலமும் உன் ஆய்வுக்கூடத்தின் நலமும் அறிய ஆவல். ஸ்டீராய்டு களிம்பு தோலைக் கெடுக்காமல் நோய் இருக்கும் இடத்துக்கு மட்டும் போய்ச் சேர நீங்கள் வழி தேடுவதாகப் போனில் சொன்னாய். நான் அதற்கு முன்பே ஒரு வழி கண்டுபிடித்துத் தொலைத்துவிட்டேன், திட்டாமல் படி.

உன் அம்மாவின் கை அரிப்புக்கு டாக்டர் களிம்பு எழுதினார், விரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கினால் ஒரு வேளைக்குப் போதும், இரண்டு வாரத்துக்கு மேல் கூடாது என்றார். பத்தே நாளில் ஆறிவிட்டது. சரக்கு நல்ல சரக்காக இருக்கிறதே என்று தெரிந்த மருந்து வியாபாரியிடம் ஒரு பெட்டியாகவே வாங்கிவிட்டேன், என் புத்தி உனக்குத் தெரியாததா. சின்னச் சின்ன ட்யூபைப் பிதுக்க யாருக்குப் பொறுமை, பாதிப் பெட்டியை நம் இரும்புக்கடையின் புது கிரீஸ் கன்னில், அதுதான் வண்டிக்கு மசகு பீய்ச்சும் குழலில், அடைத்து, ஒரு அழுத்துக்கு ஒரு விரல் அளவு வரும்படி திருகி வைத்தேன். அளவெடுக்க விரல் நீட்டியவர் நம் மூட்டை தூக்கும் அண்ணன். அவர் விரல் கதவுத் தாழ்ப்பாள் மாதிரி இருக்கும் என்பது அப்போது தோன்றவில்லை.

மாடியில் இருக்கும் உன் அத்தை, கன்னத்தில் ஒரு பரு என்று வந்து ஒரு அழுத்து அடித்துக்கொண்டு போனாள். நான்கு நாளில் முகம் பளபளத்தது, எட்டு மாதம் விடவில்லை. இப்போது தோல் வெங்காயச் சருகு, உள்ளே நரம்பு தெரிகிறது, ஒரு நாள் போடாவிட்டால் தக்காளியாகச் சிவந்து எரிகிறது, அதனால் மறுபடியும் போடுகிறாள். அவளையும் கிரீஸ் கன்னையும் டாக்டரிடம் கொண்டுபோனேன், அவர் அதைப் பார்த்ததும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். இப்படியே போனால் தோல் திரும்ப வராது, நான் சொல்கிறபடி நிறுத்த வேண்டும், முகம் சில வாரம் இன்னும் மோசமாகித்தான் தேறும் என்றார். அத்தை, டாக்டருக்குத் தன் பளபளப்பின் மேல் பொறாமை என்றாள். நான் போய்ப் பேசியதற்கு, "நான் பளபளன்னு இருக்கறது உனக்குக்கூடப் பொறுக்கலையாண்ணே?" என்று கேட்டாள். எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. நான் கொடுத்த சரக்கு தப்பு, அளவும் தப்பு என்று சொன்னேன், இத்தனை வருட வியாபாரத்தில் யாரிடமும் சொல்லாத சொல். அவள், "சரி, நிறுத்தறேன். நான் இந்த மூஞ்சியோட தெருவுல நடக்கற வரைக்கும் நீயும் தலைக்கு டை அடிக்கக் கூடாது" என்றாள். நான் டை அடிப்பது உனக்கே தெரியாது என்று நினைத்திருந்தேன்.

இன்று ஆறாவது வாரம். வாடிக்கைக்காரர்கள் நரைத்த தலையோடு உட்கார்ந்திருக்கும் என்னிடமே வந்து, முதலாளி எங்கே பெரியவரே என்கிறார்கள். அத்தை பக்கத்தில் சிவந்த முகத்தோடு உட்கார்ந்து, அவர் ஊருக்குப் போயிருக்கிறார் என்கிறாள். அவள் இடது கன்னம் கொஞ்சம் ஆறுவதாக டாக்டர் சொல்கிறார்.

மீதிப் பெட்டியை மருந்துக் கடையில் ஒப்படைத்துவிட்டேன். நீ வேளைக்குச் சாப்பிடு, கையுறை போடாமல் எதையும் தொடாதே, நீடூழி வாழ்வாய். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கூப்பிடும்போது அத்தையைப் பார்த்து முகம் மாறிவிடாதே, சிரிப்பு வந்தால் என்னைப் பார்த்துச் சிரி, அதற்குத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா